கல்லில் வரைந்த கேலியும் நம் திண்டுக்கல்லும்

கேலிச் சித்திரம் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது மந்திரியின் மூக்கும், எதிர்க்கட்சித் தலைவரின் தோள்துண்டும்தான். ஊரையெல்லாம் கிண்டல் செய்யும் ஓவியர், தன் இனத்தையே கிண்டல் செய்து வரைந்ததுண்டா? உண்டு. அதுவும் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே, அச்சுப் போட்டு வீதியில் விற்கும் அளவுக்கு உண்டு.

பாரிஸ் நகரத்தில் ஹானரே தோமியே (1808–1879) என்றொரு ஓவியர் இருந்தார். 1865-ஆம் ஆண்டு 'ஷரிவாரி' என்ற கேலிப் பத்திரிகையில் அவர் வரைந்த படம் ஒன்று வந்தது. வெட்டவெளியில் இரண்டு ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து படம் வரைகிறார்கள். முன்னால் இருப்பவர் இயற்கையைப் பார்த்து வரைகிறார். பின்னால் இருப்பவரோ முன்னால் இருப்பவரின் படத்தைப் பார்த்து வரைகிறார். அவ்வளவுதான் படம்.

இதைப் பார்த்து நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவருக்குச் சிரிப்பு வராவிட்டால், அவர் முதலாண்டு என்ஜினியரிங் டிராயிங் படித்தவரே அல்ல என்று தாராளமாகச் சொல்லிவிடலாம். ஹாஸ்டலில் கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட்டைப் போட்டு, ஒருத்தன் ஷீட்டை இன்னொருத்தன் டிரேஸ் எடுக்க, அதை மூன்றாமவன் எடுக்க, முதல் ஷீட்டில் விழுந்த தப்பு வகுப்பு முழுக்கத் தொற்றிய கதை எல்லா பேட்சிலும் உண்டு. தோமியே நம்ம பசங்களைப் பார்க்காமலே வரைந்துவிட்டார்!

"சரி, பாரிஸுக்கும் நம்ம ஊருக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல் பேசிய கதை

தோமியேயின் படங்கள் அச்சான விதமே சுவாரஸ்யமானது. அதற்குக் கல்லச்சு என்று பெயர். 1790-களின் பிற்பகுதியில் ஜெர்மனிக்காரர் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல் மேல் எண்ணெய்ப் பசையுள்ள சாக்குக்கட்டியால் படம் வரைவார்கள். பிறகு பிசினும் சிறிது அமிலமும் கலந்து தடவுவார்கள். கல்லை நனைத்தால் வெறும் கல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பசை விழுந்த கோடு தண்ணீரை ஒதுக்கும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால் மை கோட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அந்த ஒரு சங்கதியில் ஓர் அச்சுத் தொழிலே எழுந்து நின்றது.

செதுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், வரைந்தால் போதும் என்பதால் வேகம் வந்தது. நேற்று நடந்ததை இன்று கேலி செய்ய முடிந்தது. தோமியே தம் வாழ்நாளில் சுமார் 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்தார். மன்னர் லூயி பிலிப்பை, மக்கள் பணத்தை விழுங்கும் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். 1835-இல் பிரான்சில் கடுமையான தணிக்கைச் சட்டம் வந்தது. அரசியலைத் தொடக்கூடாது என்றதும் தோமியேயின் பென்சில் வக்கீல்கள், வைத்தியர்கள், வீட்டுக்காரர்கள், கடைசியில் ஓவியர்கள் என்று திரும்பிக்கொண்டது. 1862-இல் அவர் வரைந்த ஒரு படத்தின் தலைப்பு 'வேலை செய்யும் இயற்கைக் காட்சி ஓவியர்கள்'. படத்திலோ அவர்கள் மரநிழலில் காலை நீட்டிக் கிடக்கிறார்கள்! அதே வருடம், புகைப்படக்காரர் நாடார் (நம்மூர்ப் பெயர் அல்ல, பிரெஞ்சுக்காரர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்) பலூனில் தொங்கியபடி பாரிஸைப் படம் பிடிப்பதாக வரைந்து, புகைப்படத்தைக் கலையின் உயரத்துக்கு ஏற்றுகிறார் பாருங்கள் என்று கிண்டல் செய்தார்.

கல்லுக்குப் பெயர்போன ஊரில் படித்த நாம் இந்தக் கல்லின் கதையைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை அல்லவா?

1792: இரண்டு துரைமார்கள் வருகிறார்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்பார்கள். மதுரை நாயக்கர் காலத்துக் கோட்டை. 1755-இல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தார். மைசூர்ப் போரின்போது 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையிலான கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

மை உலர்வதற்குள் ஓவியர்கள் வந்துவிட்டார்கள். தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் 1786-இல் கல்கத்தா வந்து இறங்கியவர்கள். வடக்கே இமயமலை அடிவாரம் வரை போய் வரைந்தவர்கள். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் எல்லைப் பக்கமாகத் தெற்கே இறங்கினார்கள். போர் நடந்த இடங்களைப் பார்க்க லண்டனில் அவ்வளவு ஆவல். மலைக்கோட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி அவர்கள் வரைந்தவற்றில் நம் திண்டுக்கல் மலையும் உண்டு. பிறகு மதுரை, பாபநாசம், தஞ்சை, திருச்சி என்று சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள்.

அவர்களிடம் 'கேமரா அப்ஸ்கூரா' என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. லென்ஸ் வழியே வரும் காட்சி உள்ளே தாள்மேல் விழும். அதன் விளிம்பைப் பென்சிலால் பிடித்துக்கொண்டால் அளவு தப்பாது. நம் கண்ணாடி டியூப்லைட்டுக்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரு வித்தியாசம், அவர்கள் டிரேஸ் எடுத்தது மலையையே.

இங்கிலாந்து திரும்பிய பின் அந்தப் படங்களைத் தாமிரத் தகட்டில் ஏற்றினார்கள். அதன் முறை 'அக்வாடின்ட்'. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு பி.சி.பி. தயார் செய்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். தகட்டின்மேல் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டினால், பொடி மணல் மணலாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால் மணல்களுக்கு இடையே உள்ள தாமிரத்தை மட்டும் அமிலம் அரிக்கும். கொஞ்ச நேரம் அரித்தால் வெளிர் நிறம், அதிக நேரம் அரித்தால் கருமை. வெளுப்பாக இருக்க வேண்டிய வானத்தை வார்னிஷ் பூசி முன்னாடியே மூடிவிடுவார்கள். மற்ற இடங்களைப் படிப்படியாக மூடி, மறுபடி மறுபடி அமிலத்தில் போடுவார்கள். ஒரு நிமிஷம் கூடினால் மேகம் கரியாகிவிடும். இப்படி 1795 முதல் 1808 வரை உழைத்து 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். அசாத்தியமான உழைப்பு. அதை யாரும் மறுக்க முடியாது.

மூன்று மாடு இருந்தால் அழகு

உழைப்பு சரி. பார்வை? அங்கேதான் கேலிக்காரர்களுக்கு வேலை வந்தது.

அக்காலத்து இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 'படம்போன்ற அழகு' எது என்பதற்கு இலக்கணமே வகுத்திருந்தார். முழுக் கட்டடத்தைவிட இடிந்த கட்டடம் அழகு. பசுமாடு இரண்டு நின்றால் சேராது, மூன்று நின்றால் சேரும். டின்டர்ன் என்ற ஊரின் பாழடைந்த மடாலயத்தைப் பார்த்துவிட்டு, சுவர் முகப்பு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, சுத்தியலால் கொஞ்சம் தட்டிவிட்டால் தேவலை என்ற பொருளில் 1782-இல் எழுதியும் வைத்தார்! சிவில் என்ஜினியர் யாராவது கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

இந்த இலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த ஓவியர்களை தாமஸ் ரோலண்ட்சன் விட்டுவைக்கவில்லை. 1799-இல் அவர் வெளியிட்ட படத்தில், வேல்ஸ் மலைச்சரிவில் கொட்டும் மழையில் ஒல்லியான ஓவியர் ஒருவர் மட்டக்குதிரை மேல் மூட்டை முடிச்சோடு குடை பிடித்துப் போகிறார். 1812-இல் வந்த 'டாக்டர் சின்டாக்ஸ்' புத்தகத்துக்கும் படம் வரைந்தவர் ரோலண்ட்சன்தான். அதில் வரும் வாத்தியார், அழகைத் தேடி கிழட்டுக் குதிரையில் புறப்படுகிறார். இடிந்த கோட்டை ஒன்றை வரையும் மும்முரத்தில் தண்ணீரில் விழுகிறார். பதிப்பித்தவர் லண்டன் அக்கர்மன். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

டேனியல்கள் வந்ததும் அந்த இலக்கணம் பழகிய கண்ணோடுதான். முன்பக்கம் நிழலாக ஒரு மரம், ஓரத்தில் அளவு காட்ட நாலு மனிதர்கள், நடுவில் வெளிச்சத்தில் மலை. இரண்டு வருடம் முன்பு பீரங்கிச் சத்தம் கேட்ட இடம், காகிதத்தில் ஏறும்போது அமைதியான காட்சியாகிவிடும். போர், விளைச்சல், வரி, பஞ்சம் எதுவும் இந்த இலக்கணத்துக்குள் வராது.

மலையடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்த நம்மாட்கள் என்ன பேசியிருப்பார்கள்? இது என் கற்பனை:

"ஏப்பா, இந்தத் தொரைக ரெண்டு பேரும் விடிஞ்சதுல இருந்து கல்லையே பாத்துக்கிட்டு இருக்காகளே, எதையும் தொலைச்சுப்புட்டாகளா?"

"மலையைத் தாள்ல ஏத்துறாகளாம்ணே."

"ஏத்தி?"

"சீமைக்குக் கொண்டுபோகப் போறாகளாம்."

"போகட்டும் போ. கோட்டை போயிருச்சு, சீமை போயிருச்சு, கல்லு ஒண்ணுதான் பாக்கி!"

தெருக்கூத்தில் ராஜாவையே நக்கல் செய்யும் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் இவ்வளவாவது பேசாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அந்தப் பேச்சுக்குக் கல்லும் இல்லை, தகடும் இல்லை. அச்சு யார் கையில் இருந்ததோ அவர்கள் சிரித்த சிரிப்புதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டாம் ரா படத்துக்கு உட்காருகிறார்

இந்தியாவில் வேலை செய்த ஓவியரையே கேலிப்படமாக்கிய கதையும் இருக்கிறது. அதன் நாயகர் நம் சென்னையில் ஐந்து வருடம் குடியிருந்தவர். பெயர் ஜார்ஜ் சின்னரி. 1774-இல் லண்டனில் பிறந்தவர், 1802 கடைசியில் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். ஹைதராபாத் ரெசிடென்ட் கிர்க்பாட்ரிக்கின் இரண்டு குழந்தைகளை அவர்களது முகலாய உடையிலேயே வரைந்த புகழ்பெற்ற ஓவியம் அவர் 1805-இல் சென்னையில் தீட்டியது. 1807-இல் கல்கத்தா போனார். கைநிறையச் சம்பாதித்தார், அதைவிட அதிகமாகக் கடன் வாங்கினார். 1825-இல் கடன்காரர்களுக்குத் தப்பி மக்காவ் போனவர், 1852-இல் அங்கேயே காலமானார்.

அவரிடம் ஓவியம் கற்ற சிஷ்யர் சார்லஸ் டாய்லி, கம்பெனி அதிகாரி. இவர் 1828-இல் எழுதி, படமும் வரைந்து வெளியிட்ட கேலிக் காவியம் 'டாம் ரா'. பதிப்பாளர் அதே அக்கர்மன்! வண்ணப் படங்கள் 25. இந்தியாவுக்குப் புதிதாக வந்திறங்கும் கம்பெனி ஆளை அக்காலத்தில் 'கிரிஃபின்' என்பார்கள்; நம் ஹாஸ்டல் பாஷையில் ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர். அப்படியொரு ஜூனியர்தான் டாம் ரா. அவன் கல்கத்தாவில் ஓர் ஓவியக்கூடத்தில் தன்னைப் படமெழுத உட்காருவது ஒரு படம். அந்த ஓவியர் சின்னரிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

கேலி யார்மேல்? இரண்டு பேர் மேலும்தான். ஊரில் ஒன்றும் சாதிக்காத பையன், படத்திலாவது வீரனாகத் தெரிய வேண்டும் என்று யூனிபார்மில் விறைத்து உட்காருகிறான். ஓவியருக்கோ பிழைப்பு நடக்க வேண்டும். ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால் கோட்டு மாட்டி போட்டோ எடுத்துக்கொண்ட நம் அப்பா, சித்தப்பா காலம் ஞாபகம் வருகிறதா? பார்க்கிறவன் விரும்புவதை வரைவதா, இருப்பதை வரைவதா என்ற கேள்வி ஓவியனுக்கு அன்றைக்கும் இருந்தது. நான் வேலையில் பார்த்தவரை என்ஜினியருக்கும் இருக்கிறது. 'கிளையன்ட் கேட்டபடி டிராயிங்கை மாத்திக் கொடுங்க சார்' என்ற வாக்கியத்தை நம்மில் கேட்காதவர் யார்?

டாய்லி பாட்னாவில் கம்பெனியின் அபினி ஏஜென்டாக இருந்தார். அபினி விற்ற நேரம் போக, அங்கே ஒரு கல்லச்சுக்கூடமும் நடத்தினார். அதில் ஜெய்ராம் தாஸ் என்ற பாட்னா ஓவியர் வேலை செய்தார். கல்லச்சுத் தொழில்நுட்பம் ஐரோப்பாவில் பரவிய சில பத்தாண்டுகளுக்குள் ஓர் இந்தியர் கையில் வந்துவிட்டது என்பது சாதாரண விஷயமல்ல. சின்னரி வேலை செய்வதை டாய்லி படமாக்கினார். ஜெய்ராம் தாஸ் கல்லின்மேல் குனிந்து வேலை செய்வதை யார் பொருட்படுத்தி வரைந்தார்கள்?

அச்சு நம் கைக்கு வந்தபோது நிலைமை மாறியது. 1877-இல் லக்னோவில் 'அவத் பஞ்ச்' என்ற உருது கேலிப் பத்திரிகை துவங்கியது. தமிழில் மகாகவி பாரதியார் தம் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் கேலிச் சித்திரங்களைப் போட்டு வழிகாட்டினார். அடக்குமுறை நெருக்கியபோது 1908-இல் அவர் போய்ச் சேர்ந்ததும், 'இந்தியா' மறுபடி வெளிவந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில். தோமியேயைச் சிறையில் தள்ளிய நாட்டின் கொடி பறந்த ஊரில் தமிழ்க் கேலிச் சித்திரம் தஞ்சம் புகுந்தது, சரித்திரம் செய்த வேடிக்கை!

நமக்கு இதில் என்ன?

டேனியல்கள் திண்டுக்கல்லை வரைந்து இரண்டு வருடத்தில், 1794-இல், சென்னையில் கம்பெனி சர்வே பள்ளி ஒன்றைத் துவக்கியது. அதுதான் வளர்ந்து பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியானது. நாமெல்லாம் சார்ந்த படிப்பின் வேர் தமிழ்நாட்டில் அங்கே இருக்கிறது. ஓவியர் மலையை அழகாக்கினார், சர்வேயர் மலையை அளந்தார். இருவருமே ஒரு ஊரைத் தாளில் ஏற்றி, அந்த ஊரைப் பார்த்திராதவர்கள் கையில் கொடுத்தார்கள். தாளில் எது ஏறியதோ அதுதான் அந்த ஊர் என்று ஆனது. நாம் போடும் டிராயிங்கும் அப்படித்தான். விட்டுப்போன வாய்க்கால், ஷீட்டில் இல்லாத காரணத்தாலேயே சைட்டிலும் இல்லாமல் போய்விடும்.

திண்டுக்கல்லைப் பற்றி யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் ஊருக்கு வருகிற எல்லோரும் மலைக்கோட்டையைத்தான் படம் எடுக்கிறார்கள். முதலில் ஒருவர் எடுத்த கோணத்திலேயே அடுத்தவரும் எடுக்கிறார். தோமியேயின் இரண்டாவது ஓவியர் செல்போனோடு நிற்கிறார், அவ்வளவே. இப்போது கம்ப்யூட்டரே படம் வரைந்து கொடுக்கிறது. அது ஏற்கெனவே உள்ள கோடிக்கணக்கான படங்களில் பாடம் படித்துத்தான் வரைகிறது. முதல் ஆள் வரையாமல் விட்டது அதற்கும் தெரியாது.

வரையாமல் விட்டது என்ன? கொஞ்சம் சொல்லட்டுமா? ஊர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று கையாலேயே அரத்தால் ராவிச் சாவி பொருத்தும் தொழில். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷின் பூட்டோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பூட்டுக்குள் நெம்புகோல்கள் எப்படி நிற்கின்றன, எந்தச் சாவிப் பல் எதைத் தூக்குகிறது என்பது அந்தப் பெரியவர்களின் விரலில் இருக்கிறது. தோல் பதனிடும் தொட்டிகள், சுருட்டுச் சுற்றும் கைகள், சிறுமலையிலிருந்து வாழைக்குலை இறங்கும் வழி, மழை பெய்தால் நீர் ஓடிச் சேரும் குளங்களின் வரிசை. இவற்றையெல்லாம் 1792-இல் வந்தவர்கள் வரையவில்லை. அவர்களுக்கு அது வேலையில்லை. நமக்கு?

ஆகவே இந்த மலர் வழியாக மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மினி டிராஃப்டரை முதலாண்டோடு பரணில் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போங்கள். பெரியவரிடம் அனுமதி கேட்டு, ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அளவெடுத்து வரையுங்கள். முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம், எல்லாம் முறைப்படி. ஷீட்டின் மூலையில் உங்கள் பெயரோடு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். ஜெய்ராம் தாஸின் பெயராவது தப்பிப் பிழைத்தது. கூட வேலை செய்த எத்தனையோ பேருடைய பெயர் காணாமலே போய்விட்டது.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷீட் அச்சிட, பட்டறை ஆட்களுக்கு அரை நாள் கூலி கொடுக்க, நம் சங்கம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். பத்து ஷீட் சேர்ந்தாலும் அடுத்த சந்திப்பு மலருக்கு நடுப்பக்கம் கிடைத்துவிடும்.

கூடவே, தோமியே மாதிரி குறும்புக்காரர் எவராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், அளவெடுக்கிறேன் என்று டேப்போடு நீங்கள் தடுமாறுவதையும், பெரியவர் பீடியை ஓரமாக வைத்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பதையும் தனியாக ஒரு படம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பக்கத்து ரூம் ஷீட்டைப் பார்த்து வரையக்கூடாது!